கல்லுக்கும் ஊர் உண்டு

கவிதை எழுதுகிறவர்கள் வீட்டில் கொஞ்சம் கல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மோதிரத்தில் பதிக்கிற ராசிக்கல்லைச் சொல்லவில்லை. ஓடையிலும் சாலை வெட்டிலும் கிடைக்கிற சாதாரணக் கல். அதோடு ஒரு சீட்டு: எந்த ஊர், எந்த இடம், என்ன தேதி. சீட்டு இல்லாத கல் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுதுகிறவனுக்குப் பாதிதான் உதவும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கல்லைப் பற்றி இப்போது வருகிற கவிதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். கல் மௌனமாக இருக்கிறது, கல் காத்திருக்கிறது, கல்லுக்குள் சிற்பம் தூங்குகிறது. சரி, எந்தக் கல்? மரம் என்றால் வேம்பா புங்கையா என்று எழுதுகிறோம். பறவைக்கும் மீனுக்கும் பெயர் சொல்கிறோம். கல்லை மட்டும் பெயரும் ஊரும் இல்லாமல் அநாதையாக விட்டுவிடுகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

நம் பழைய கவிஞர்கள் அப்படி விடவில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குச் சிலை எடுக்க வேண்டும் என்றதும் சேரன் அவையில் எழுகிற முதல் பேச்சே கல் எங்கிருந்து வர வேண்டும் என்பதுதான். பொதியமலைக் கல் என்றால் காவிரியில் நீராட்டலாம், இமயத்துக் கல் என்றால் கங்கையில் நீராட்டலாம். செங்குட்டுவன் இமயத்தைத் தேர்ந்தெடுக்கிறான், ஒரு படையெடுப்பே நடக்கிறது. அதே இளங்கோ மதுரையின் மணிக்கடைத் தெருவை எழுதும்போது வயிரத்துக்கு வரும் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று எண்ணிச் சொல்கிறார். கல்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர்களின் பேச்சு அது. புறநானூற்றில் கண்ணகனார் பொன், பவளம், முத்து, மலையில் பிறந்த மணி நான்கும் வெவ்வேறு இடத்தில் பிறந்தும் ஒரே நகையில் கோக்கப்படுவதை, சான்றோர் சான்றோரோடு சேர்வதற்கு உவமையாக வைக்கிறார். நான்கும் எங்கெங்கோ பிறந்தவை என்று தெரிந்தால்தான் அந்த உவமையே நிற்கும்.

வெளியே பார்த்தால் கதே. ஜெர்மன் கவிஞர், வைமார் அரசின் அமைச்சர், இல்மெனாவ் சுரங்கப் பொறுப்பையும் பார்த்தவர். அவர் சேர்த்து வைத்த பாறை, கனிம மாதிரிகள் ஏறத்தாழ 18,000. கிரானைட்டைப் பற்றி 1784-இல் உரைநடையில் எழுதியதைப் படித்தால் அது ஆராய்ச்சியா கவிதையா என்று பிரிக்க முடியாது. 1806-இல் ஓர் இரும்புக் கனிமத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், கோதைட் என்று. நம் பக்கத்துச் செம்பாறாங்கல்லில் தெரிகிற மஞ்சள் பழுப்பு பெரும்பாலும் இந்தக் கோதைட்தான். பிரான்சின் ரோஜே கயுவாவும் பெரிய கல் சேகரிப்பாளர். மெருகேற்றிய கல்லில் தானாக விழுந்திருக்கும் ஓவியங்களைப் பற்றி அருமையாக எழுதியவர். அவர் கற்கள் இப்போது பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் மெருகேற்றிய கல்லில் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. உடைத்த முகமும் வெளியில் வெயில்பட்ட தோலும் சேர்ந்திருக்கிற கல்தான் எனக்கு வேண்டும்.

நாங்கள் இருப்பது ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி என்ற ஊர்ப் பக்கம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. என் சீட்டுகளில் நான் மாநிலம் எழுதுவதில்லை, ஓடையின் பெயரையும் பக்கத்து ஊரையும் எழுதுகிறேன்.

எங்கள் மலை குவார்ட்சைட். ஒரு காலத்தில் தண்ணீர் கொண்டுவந்து போட்ட மணல், அழுந்தி இறுகிக் கல்லானது. சில பலகைகளில் தண்ணீர் அலைந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. முதல்முறை அதைத் தடவிப் பார்த்த அன்று இந்த நான்கு வரி வந்தது:

தண்ணீர் எழுந்து போய்விட்டது.
படுத்திருந்த பாய்
மடிப்புக் கலையாமல்
மலைமேல் கிடக்கிறது.

நல்ல கவிதை என்று வாதாட வரவில்லை. ஆனால் கருங்கல்லைப் பார்த்து இதை எழுதியிருக்க முடியாது. கருங்கல் நெருப்பிலிருந்து வந்தது, அதற்கு வேறு கவிதை வேண்டும். திருமலைக்குப் போகும் மலைப்பாதையில் இந்த இரண்டு கல்லும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. கீழே பழைய கிரானைட், மேலே குவார்ட்சைட், நடுவில் ஒரு கோடு, இடைப்பட்ட பல கோடி ஆண்டுகளுக்கு அங்கே கல் சாட்சியே இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆண்டுதோறும் எத்தனை லட்சம் பேர் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகிறோம்! அதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கவிதை என் கண்ணில் படவில்லை.

அலமாரியில் வேறு கற்களும் உண்டு. கூடூர்ப் பக்கத்துக் காக்காப்பொன், நகத்தால் பிரித்தால் கண்ணாடித் தாள் மாதிரி ஏடு ஏடாக வரும். மங்கம்பேட்டையில் கிடைக்கும் பேரைட் என்ற கனிமம், பார்வைக்கு ஒன்றுமில்லை, கையில் வைத்தால் எடை திடுக்கிட வைக்கும். அப்புறம் உடைந்த கடப்பா பலகை ஒன்று. நம் சமையலறைகளில் டப்பா அடுக்கும் அந்தக் கறுப்புக் கல், தண்ணீருக்கடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு. அதன்மேல்தான் உப்பு ஜாடி வைக்கிறோம்.

சேர்ப்பதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும், இதில் நான் கண்டிப்பானவன். காப்புக்காட்டில் கை வைக்கக் கூடாது. அதிரம்பாக்கம், குடியம் போன்ற கற்காலத் தடம் உள்ள இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு அதிரம்பாக்கத்துக்கும் வந்தார். பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அகழ்ந்து, கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டது. அந்த வயதைச் சொன்னது கல் மட்டுமல்ல, அது புதைந்திருந்த மண்ணும்தான். கல்லை நாம் பையில் போட்டு எடுத்து வந்தால் அந்தச் சாட்சியம் போச்சு. அந்தக் கோடரிகளும் குவார்ட்சைட்தான். நகரியாறு போய்ச் சேருகிற கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், இந்த வகைக் கல்லை நல்ல கல் என்று தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கைகள் அவை. கல்லை அறிந்த முதல் ஆட்கள் நம் கவிஞர்கள் இல்லை.

ஒரு பக்கம் நான் ஒரு துண்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் குன்று குன்றாக ஜல்லியும் எம்-சாண்டுமாக லாரியில் போகிறது. வீடு கட்டக் கல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் கான்கிரீட் கூரைக்குக் கீழேதான் இருக்கிறேன். ஆனால் ஒரு குன்று போகும்போது அது என்ன கல், எப்படி உண்டானது, அதில் அலைவரி இருந்ததா என்று ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? பெயர் தெரியாத கல்லுக்காக யாரும் மனு எழுதப் போவதில்லை.

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை. சிலம்பில் கண்ணகி சிலைக்குக் கல் தேர்ந்தெடுக்கும் பகுதி வரும்போது மேசைமேல் ஒரு குவார்ட்சைட்டையும் ஒரு கருங்கல்லையும் வையுங்கள், பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும். கல் வேண்டும் என்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள். என்னிடம் இரட்டையாக இருப்பவற்றைச் சீட்டோடு கொடுத்துவிடுகிறேன்.