“தைராய்டு சப்ளிமென்ட் இயற்கையானது, பக்கவிளைவு இல்லை” என்பது தவறு

“கடல்பாசி கலந்த தைராய்டு சப்ளிமென்ட் எடுத்தால் போதும், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிடலாம், பக்கவிளைவே கிடையாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதை நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கடைகளில் கிடைத்த 10 தைராய்டு சப்ளிமென்ட்களைச் சோதித்தார்கள். 9-இல் தைராய்டு சுரப்பி சுரக்கும் டி3 ஹார்மோன் இருந்தது, 5-இல் அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான டி4-உம் இருந்தது. அதாவது, மூலிகை என்று நினைத்து விழுங்குவது அளவு தெரியாத ஹார்மோனாக இருக்கலாம். அது கூடிப்போனால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடைக்குறைவு வரும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, கடல்பாசி மட்டும் என்றால்? அதில் அயோடின் அதிகமாக இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். அயோடின் கலந்த உப்பிலேயே பெரும்பாலோருக்கு அது கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் அள்ளிப் போட்டால் தைராய்டு சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். முடி உதிர்வுக்காகச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமினும் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டலாம்.

ஏற்கெனவே சப்ளிமென்ட் எடுப்பவர்கள் அந்த டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் தைராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்.