கேட்கிற இருதயம்

போன வருடம் என் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட செய்தி எழுதினேன். அப்பாவைக் கவனித்துக்கொள்வதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பழைய சண்டைதான். மூன்று குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் துணைக்கு ஒரு வேத வசனம். எழுதி முடித்துவிட்டு, கட்டைவிரலை அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்கு ஞானத்தைத் தாரும்" என்று ஜெபித்தேன். பத்து விநாடி இருக்கும். ஆமென் சொன்னேன், அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

முடிவை நான் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. தேவனுடைய கையெழுத்து மட்டும் பாக்கி என்பதுபோல காகிதத்தை அவர் முன்னால் நீட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். நம்மில் பலர் "சித்தம் அறிய ஜெபிக்கிறேன்" என்று சொல்லும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கோபப்படாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஞானம் என்றதும் நமக்கு இஸ்ரவேலின் ராஜா சாலொமோன் நினைவுக்கு வருவார். கிபியோன் என்ற ஊரில் ஆயிரம் சர்வாங்க தகனபலிகளைச் செலுத்திய பிறகு, ராத்திரியில் சொப்பனத்தில் தேவன் "நீ விரும்புகிறதைக் கேள்" என்கிறார். போக்குவரவு அறியாத சிறுபிள்ளை என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, ஜனங்களை நியாயம் விசாரிக்க ஞானமுள்ள இருதயத்தைக் கேட்கிறார் சாலொமோன். நம் வேதாகமத்தில் 'ஞானமுள்ள இருதயம்' என்று இருக்கும் அந்த இடத்தில், எபிரெய மூலத்தின் நேர்ப்பொருள் 'கேட்கிற இருதயம்'. தமிழில் இது இன்னும் அழகு. வேண்டுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். முதல் கேட்டலில் நாம் கெட்டிக்காரர்கள். இரண்டாவதற்குத்தான் நேரமில்லை.

அதே கிபியோன் யோசுவா புத்தகத்தின் 9-ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் வெகு தூரத்திலிருந்து வந்தவர்கள்போல வேஷம் போட்டுக்கொண்டு இஸ்ரவேலரின் தலைவர் யோசுவாவிடம் வருகிறார்கள். பழைய சாக்கு, பொத்தல் அடைத்த திராட்சரசத் துருத்தி, ஒட்டுப்போட்ட செருப்பு, உலர்ந்து பூசணம் பூத்த அப்பம். இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்க்கிறார்கள், செருப்பைப் பார்க்கிறார்கள். சாட்சியம் எல்லாம் சரியாக இருக்கிறது. "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்" உடன்படிக்கை பண்ணிவிடுகிறார்கள். வந்தவர்கள் உடன்படிக்கை பண்ணக் கூடாத பக்கத்து ஊர்க்காரர்கள் என்பது மூன்று நாளில் வெளிப்பட்டுவிடுகிறது. கொடுத்த ஆணையை மீற முடியாது. யோசுவா முட்டாள் இல்லை. கண்ணால் கண்டதை வைத்து நியாயமாகத்தான் முடிவெடுத்தார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நான் அண்ணனுக்கு எழுதியபோதும் என்னிடம் சாட்சியம் இருந்தது. தேதிவாரியாக இருந்தது.

சாலொமோனின் அப்பா தாவீது ராஜாவைப் பாருங்கள். எதிரிகளான பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பரவி நிற்கிறார்கள். போகலாமா என்று கர்த்தரிடம் விசாரிக்கிறார், போ என்று பதில் வருகிறது, ஜெயிக்கிறார். திரும்பவும் அதே பெலிஸ்தர், அதே பள்ளத்தாக்கு. நானாக இருந்தால் போன முறை சொன்னதே போதும் என்று கிளம்பியிருப்பேன். தாவீது மறுபடியும் விசாரிக்கிறார். இந்த முறை பதில் வேறு: நேராகப் போகாதே, பின்னாலே சுற்றிப் போ, முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் இரைச்சல் கேட்கும்வரை பொறு.

சாலொமோனுக்கோ ஒரே ராத்திரியில் பெரிய வரம் கிடைத்தது. ஆலய பிரதிஷ்டையில் அவர் செய்த ஜெபம் அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் தாவீதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் "கர்த்தரிடத்தில் விசாரித்தான்" என்ற வரி, கிபியோனுக்குப் பிறகு சாலொமோனுடைய கதையில் இல்லை. ராஜா குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளியையும் பொன்னையும் பெருகப்பண்ணக் கூடாது என்று உபாகமம் 17 சொல்கிறது. அதே அதிகாரம், நியாயப்பிரமாணத்தை ராஜா தனக்கென்று ஒரு பிரதி எழுதி, ஜீவனுள்ள நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சாலொமோனோ எல்லாவற்றையும் பெருகப்பண்ணினார். மனைவிகள் 700, மறுமனையாட்டிகள் 300. மூவாயிரம் நீதிமொழிகளைச் சொன்னவரின் இருதயம் முதிர்வயதில் வழுவிப்போனது. ஒருமுறை வாங்கி இருப்பு வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை போலிருக்கிறது இந்த ஞானம்.

சரி, வருகிற யோசனை தேவனிடமிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? யாக்கோபு 3:17-ஐத்தான் நான் இப்போது அளவுகோலாக வைத்திருக்கிறேன். பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம் உள்ளது என்கிறார். எனக்கு முள்ளாகக் குத்துவது 'இணக்கம்'. எதிராளி ஒரு நியாயம் சொன்னால் அதற்கு இடம் கொடுக்கிற மனசு. "ஆண்டவர் என்னிடம் சொல்லிவிட்டார்" என்று ஒருவர் சொன்னதும் அறையில் இருக்கிற எல்லோருடைய வாயும் அடைபட்டுப் போவதைச் சபைக் கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேல் யார் என்ன பேசுவது? அந்த வாக்கியத்தைச் சொல்லவே எனக்கு இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

அந்த வசனத்தை வைத்து என் பழைய செய்தியை ஒரு நாள் திரும்ப வாசித்தேன். சுத்தத்திலேயே தடுக்கி விழுந்தேன். உள்ளே இருந்தது அப்பாவைப் பற்றிய கவலை இல்லை, அண்ணனைத் தோற்கடிக்கிற ஆசை. அன்றைக்கும் ஜெபித்தேன். குரல் எதுவும் கேட்கவில்லை, சொப்பனமும் வரவில்லை. இந்த நான்கு மாதத்தில் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்று மட்டும் தோன்றியது. யாக்கோபு 1:5-இல் ஞானம் கேட்கச் சொல்லும்போதே, தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று இருக்கிறது. இவ்வளவு தாமதமாகக் கேட்கிறாயே என்று திட்டமாட்டார் என்ற தைரியத்தில் போனை எடுத்தேன்.

"சொல்லுடா" என்றார் அண்ணன்.

"அண்ணா, அப்பா விஷயத்துல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் நாற்பது நிமிடம் பேசினார். நான் எழுதிய மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டு தவறு என்று பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவதைப் பற்றி இன்னும் பேசவில்லை.