டைலரை விட்டுவிட்டீர்களே
ஆடம்பர உணவகத்துக்கு விருந்துண்ண வந்தவர்களைத் தலைமைச் சமையல்காரர் பழிவாங்கும் 'தி மெனு' படம் பணக்காரர்களை மட்டுமே சாடுகிறது என்று உங்கள் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. விருந்தாளிகளில் ஒருவனான டைலரின் குற்றம் பணமல்ல, ரசனையைப் பதக்கமாக அணிவது. பாகோஜெட்டை (உறைந்த உணவை மென்மையாக அரைக்கும் இயந்திரம்) பார்த்ததுமே பெயர் சொல்பவன், சமைக்கச் சொன்னால் ஆட்டிறைச்சியை உள்ளே வேகாமல் இறக்குகிறான். சின்ன வெங்காயமும் லீக் என்ற வெங்காய வகைத் தண்டும் வெண்ணெயோடு சேரவே இல்லை. ரொட்டி ஏழைகளின் உணவு என்று சொல்லி, தொட்டுக்கொள்பவற்றை மட்டும் சமையல்காரர் பரிமாறும்போதும் அவன் ரசித்துச் சாப்பிடுகிறான்! தலைக்கு 1,250 டாலர் விருந்தை, டைலருடன் வந்த மார்கோ கேட்கும் 9.95 டாலர் சீஸ்பர்கர் தோற்கடிப்பதும் வெறும் ஏழ்மைப் பாசத்தால் அல்ல. அங்கே நுட்பம் இருக்கிறது: அமெரிக்கன் சீஸ் எனும் பதப்படுத்திய பாலாடைக்கட்டியில் உள்ள சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், முதிர்ந்த செடார் வகைச் சீஸ் அந்தச் சூட்டில் எண்ணெய் கக்கித் திரிந்துவிடும். சமையல்காரர் அந்தப் படம் முழுக்க மனதார வேலை செய்வது அந்த ஒரு தட்டுக்குத்தான்.