பாலகோபால் குறித்துப் பரவும் செய்தி தவறானது
ஆந்திர மனித உரிமை வழக்கறிஞர் கே. பாலகோபால் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார், நக்சலைட்டுகளின் கொலைகளை அவர் ஒருபோதும் கண்டித்ததில்லை என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி உண்மையல்ல. அவர் 2009 அக்டோபர் 8 அன்று ஹைதராபாத்தில் மாரடைப்பால் காலமானார். வாரங்கல் காகதீயப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துப் பின்னர் வழக்கறிஞரான அவர், காவல்துறையின் போலி மோதல் கொலைகளை எதிர்த்த அதே உறுதியுடன் மாவோயிஸ்டுகளின் வன்முறையையும் விமர்சித்தார்; அந்தக் கருத்து வேறுபாட்டினால்தான், தாம் பல்லாண்டுகள் பொதுச்செயலாளராக இருந்த ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் குழுவை விட்டு விலகி, 1998-இல் மனித உரிமைகள் மன்றம் உருவாகக் காரணமானார். உடன் உழைத்தவர்களையே பகைத்துக்கொள்ள நேர்ந்த முடிவு அது. ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் அவர் எழுதிய கட்டுரைகளிலும், அவர் மறைந்தபோது நாளிதழ்களில் வெளியான செய்திகளிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், மேலும் யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.