கட்டம் ஒன்று, செலவு ஒன்றா?
திட்டமிடல், செயல்படுத்தல், முடித்தல் என்ற கட்டங்கள் எல்லாத் துறைக்கும் ஒன்றுதான் என்கிறது திட்ட மேலாண்மை பற்றிய இந்தக் கட்டுரை. பெயர் ஒன்றாக இருக்கலாம், சரி. தவறு தெரிந்து பின்னால் திரும்பிப் போக ஆகும் செலவும் ஒன்றா? கட்டுமானத்தில் இருந்துவிட்டு மென்பொருளுக்கு வந்தவன் நான். அங்கே கான்கிரீட் போட்ட 28ஆம் நாள் செய்யும் சோதனையில் அதன் வலு குறைந்தால் விஷயம் இடிப்பது வரை போகும். இங்கே வெளியிட்ட மறுநாளே திருத்தம் அனுப்பிவிடுகிறோம். சிட்னி ஓபரா ஹவுஸில் கூரை வடிவமைப்பு முடியாமலேயே 1959இல் வேலையைத் தொடங்கினார்கள். அப்புறம் அந்தக் கூரையைத் தாங்காது என்று, கட்டிய தூண்களை இடித்து மறுபடி எழுப்பினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீடு, 1973இல் திறக்கும்போது 10.2 கோடியில் போய் நின்றது. மேலே கருத்திட்ட ஒருவர், வேலையை இரண்டு வாரம் போன்ற சிறு சுற்றுகளாகப் பிரித்து அவ்வப்போது மாற்றிக்கொண்டே போகும் அஜைல் முறை எந்தத் துறைக்கும் பொருந்தும் என்கிறார். அஸ்திவாரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிப் பார்க்கட்டும்.