4ஜி இருந்த இடத்தில் ஈ

நேற்று சாயங்காலம் காய்கறிக் கடையில் பில் 340 ரூபாய். ஸ்கேன் பண்ணி, ரகசிய எண்ணும் போட்டாயிற்று. வட்டம் சுற்றுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு போன். உடனே மேலே 4ஜி இருந்த இடத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. பூச்சி இல்லை, பழைய 2ஜி நெட்டைக் காட்டும் 'E' என்ற எழுத்து. அவ்வளவுதான், நெட் செத்தது. கடைக்கார அண்ணனின் ஸ்பீக்கர் பெட்டி வாயே திறக்கவில்லை. பின்னால் ஐந்து பேர். "தம்பி, இன்னும் வரலியே!"

கூப்பிட்டது யார் தெரியுமா? பர்சனல் லோன் வேண்டுமா என்று தினமும் கேட்கும் ஒரு பெண்மணி. நான் எடுக்கக்கூட இல்லை, கட் பண்ணிவிட்டேன்!

எடுக்காத அழைப்புக்கு என் நெட் ஏன் போக வேண்டும்? 4ஜி பிறந்ததே டேட்டாவுக்காக. அதில் பழைய பாணிப் பேச்சுக்குத் தனிப் பாதை கிடையாது. வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேச வைக்கும் வசதி, இல்லாத போனுக்கு அழைப்பு வந்தால், மணி அடிப்பதற்கு முன்பே அதைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். நான் கட் பண்ணும்போது போன் ஏற்கெனவே 2ஜி பள்ளத்தில் கிடக்கிறது. மறுபடி மேலே ஏறி வர அதற்குச் சாவகாசம் வேண்டும்.

முன்பாவது நடுவில் 3ஜி என்று ஒரு படி இருந்தது. பேசிக்கொண்டே நெட்டும் பார்க்கலாம். அதை மூடி, அந்த அலைவரிசையையும் 4ஜிக்கு எடுத்துக்கொண்டார்கள். எடுக்கட்டும். ஆனால் நடுப்படியைப் பிடுங்கினால் மாடியில் இருப்பவன் நேராகத் தரையில்தானே விழுவான்?

அந்தத் தரை எப்படிப்பட்டது என்று கேளுங்கள். 2ஜியில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு சேனல். அதில் எட்டு இலை போட்ட பந்தி மாதிரி எட்டு நேரத் துண்டுகள், ஒவ்வொன்றும் அரை மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். டவர் தன் சொந்த வேலைக்கு ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பேச்சுக்குத்தான் முதல் மரியாதை. பேசுகிறவர்கள் கூட்டமாக வந்தால், பாதி சாப்பாட்டில் இருக்கும் டேட்டாவை எழுப்பிவிட்டு அந்த இலையில் அவர்களை உட்கார வைப்பார்கள். போதாக்குறைக்கு, பெரும்பாலும் போனில் பேசும்போது 2ஜியில் நெட்டே ஓடாது.

பேச்சுக்கு முன்னுரிமை கொடுப்பது தப்பில்லை. 108-க்குக் கூப்பிடுகிறவருக்கு இடமில்லாமல் நான் ரீல்ஸ் பார்க்க வேண்டுமா என்ன? ஆனால் வோல்ட்டி இந்தியாவுக்கு வந்தது 2016-இல்! அதில் பேச்சும் டேட்டாதான். அதே 4ஜியிலேயே அதற்குத் தனி வரிசை, உறுதியான வேகம். பக்கத்தில் நெட்டும் ஓடும். வழி இருக்கிறது, என் சிம் கம்பெனிக்காரர்கள்தான் எனக்குத் திறந்துவிடவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போட்டால் முதல் ஆள், "போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." இரண்டாவது ஆள், "சிம்மைத் துடைச்சுப் போடுங்க." மூன்றாவது ஆள்தான் உண்மையைச் சொன்னார். மாமா துபாயிலிருந்து வாங்கி வந்த இந்த மாடல், வோல்ட்டி கொடுக்கும் போன்கள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இல்லையாம். வேறு கம்பெனி சிம்மைப் போட்டால் இதே போனில் வோல்ட்டி ஜோராக வருகிறது! ஒரு பட்டியலில் ஒரு வரி சேர்க்க இவர்களுக்கு என்ன வலிக்கிறது? ரீசார்ஜ் விளம்பரத்தில் மட்டும் அன்லிமிடெட் பேச்சும் தினம் 2 ஜிபியும் பெரிய எழுத்தில் ஜோடியாக நிற்கின்றன. ஒன்று வந்தால் மற்றது எழுந்து போய்விடும் என்று எந்த மூலையிலும் காணோம்.

அண்ணனுக்குப் பணம் ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்ததாம். அதற்குள் நான் வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆக, கடன் வேண்டுமா என்று கேட்ட பெண்மணி, கடைசியில் என்னைக் கடன் வாங்க வைத்தேவிட்டார்.