மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

அக்காவுக்கு மனச்சோர்வு வந்து மூன்று வருடம் ஆகிறது. மனநல மருத்துவரைப் பார்த்து, மாத்திரை எடுத்து, மெல்லத் தேறி, மறுபடியும் வாசலில் கோலம் போட ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "இந்த மாத்திரையெல்லாம் உடம்பைக் கெடுத்துடும்மா. தினம் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காரு, மனசை வெறுமையா வை. எல்லாம் சரியாயிடும்."

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். தினமும் உட்கார்ந்தாள். மனசு வெறுமையாகவில்லை. "எனக்கு இதுகூட வரலையேடா" என்று அவள் அழுத அன்றுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். அதற்குள் அவள் சரியாகத் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

தியானத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியை நானே நான்கு வருடமாகச் செய்கிறேன், அது எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் கோபம் வருகிறது. மனசை வெறுமையாக்குவது அந்தப் பயிற்சியே இல்லை. மைண்ட்ஃபுல்னெஸ் என்பது, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள 'ஸதி' என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு. நினைவு என்று பொருள். மூச்சைக் கவனிக்கிறோம், மனசு கரண்ட் பில்லுக்கு ஓடுகிறது, ஓடிவிட்டது என்று ஞாபகம் வருகிறது, திரும்பி வருகிறோம். அந்த ஞாபகம் வருகிற கணம்தான் பயிற்சி. ஐம்பது தடவை ஓடினால் ஐம்பது தடவை திரும்பலாம். இதை ஒருவர் அக்காவிடம் சொல்லியிருந்தால் 'எனக்கு வரலை' என்று அவள் அழுதிருக்க மாட்டாள்.

இன்னொன்று. இந்தப் பயிற்சி இன்றைய வடிவத்தில் வளர்ந்ததே ஓர் ஆஸ்பத்திரியில்தான். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் இதை ஆரம்பித்தார். வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். எட்டு வார வகுப்பு, வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரத்துக்குப் பயிற்சி. அது வைத்தியத்துக்குத் துணையாக வந்தது, வைத்தியத்துக்குப் பதிலாக அல்ல.

மனச்சோர்வுக்கென்றே இதை மாற்றி அமைத்தவர்கள் ஸிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள். 2000-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நோயிலிருந்து மீண்டிருந்தவர்கள். அது திரும்ப வராமல் தடுக்க முடியுமா என்றுதான் பார்த்தார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்துபோனவர்களுக்கு நல்ல பலன் இருந்தது. அப்புறம் 2015-இல் பிரிட்டனில் 424 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. மாத்திரையைத் தொடர்ந்தவர்களுக்கும், இந்தப் பயிற்சியோடு மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தவர்களுக்கும், நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குறைத்தது மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாக. கல்யாணப் பந்தியில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்தியதல்ல.

அக்கா மறுபடி மாத்திரைக்குத் திரும்பினாள். நான்கு மாதம் கழித்து, மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான், நானும் அவளும் சேர்ந்து ஆரம்பித்தோம். கண்ணை மூடி உட்காரவில்லை. கபாட்-ஜின் வகுப்பில் முதலில் கொடுக்கும் அதே பயிற்சிதான்: ஒரே ஒரு உலர்திராட்சை. பாயசத்துக்கு வாங்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுருக்கங்களுக்கு நடுவே பழுப்பாக மினுங்கியது. காதருகே வைத்து விரலால் உருட்டினாள். நாக்கில் வைத்து, கடிக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். கடித்ததும், "காம்பு இருந்த இடம் கொஞ்சம் புளிக்குதுடா" என்றாள். பல மாதமாகச் சோற்றுக்கு உப்பு இருக்கிறதா இல்லையா என்றே சொல்லாதவள்.

இப்போது அவளுக்கு மாத்திரையும் உண்டு, பயிற்சியும் உண்டு. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பாடு.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மாத்திரையை நிறுத்தியிருந்தால் திட்டாதீர்கள், உடனே அவர்களுடைய மருத்துவரிடம் பேசுங்கள். யாரைக் கேட்பது என்றே தெரியவில்லையா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.